கீழ்ப்பிரிவுக்கு இரண்டு தடங்கள்

எல்ல நகரத்துக்கும் மணிக்கல் தேயிலைத் தோட்டத்துக்கும் நடுவே எழுந்து நிற்கும் முகட்டில், நூற்றைம்பது அடி உயரத் தொலைபேசி டவரின் காலடியில், பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான் நிமலன். பதினான்கு நாள் பரீட்சையின் கடைசி நாள் அது. மாலை நான்கு மணிக்கு அவன் ஓர் அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து விழுந்துவிட்டால், இந்த டவரில் ஓடும் புதிய முறை ஊவா மாகாணத்தின் மற்ற டவர்களுக்கும் போய்ச் சேரும்.

முறை கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. டவருக்குப் பதினாறு அலைத்தடங்கள். முன்பெல்லாம் எல்லப் பக்கத்துக்கு எட்டு, தோட்டத்துப் பக்கத்துக்கு எட்டு என்று நிரந்தரமாகப் பாகம் பிரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் எட்டும் சும்மா கிடக்க, அந்தப் பக்கம் எட்டுக்குள் அடிதடி நடந்த நாட்கள் உண்டு. இனி அப்படியில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இயந்திரம் இரு பக்கத்தையும் அளந்து பார்க்கும். சும்மா கிடக்கும் தடத்தை எடுத்து, தேவைப்பட்ட பக்கத்துக்குக் கொடுக்கும். தொலைபேசியில் ஒரு குரல் பேசினால் ஒரு தடம் அதற்கென்று பிடிபடும். படங்களும் காணொளிகளும் வேறு சாதி. அவை சின்னச் சின்னப் பொட்டலங்களாக உடைந்து, கிடைத்த இடுக்கிலெல்லாம் நுழைந்து ஓடும். எத்தனை தடம் கொடுத்தாலும் விழுங்கிவிட்டு இன்னும் கேட்கும்.

தேவைப்பட்டவனுக்குத் தேவைப்பட்ட அளவு! இதைவிட நல்ல நீதி எந்த மேடையில் முழங்கப்பட்டது? முதல் நாள் நிமலனே மகிழ்ந்து போனான். ஒருவனுக்குத் தேவை இருக்கிறது என்பதை இயந்திரம் எதை வைத்து அறிகிறது என்ற கேள்வி அன்று அவனுக்கு எழவில்லை. பேசிய வினாடிகளை வைத்து அறிகிறது. பேசியவனுக்குத் தடம் உண்டு, பேசாதவனுக்கு இல்லை. அந்தக் கணக்கின்படி, நூற்றிருபது குடும்பமும் ஆறு லய வீட்டு வரிசையும் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் ஒரு பிள்ளை மடுவமும் உள்ள தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்கு மிஞ்சியது இரண்டே தடங்கள். இரண்டுக்குக் கீழே எந்தப் பக்கமும் இறங்கக்கூடாது என்று விதி இருந்ததால் அந்த இரண்டேனும் மிஞ்சியது.

இன்று எல்லயில் ஒரு சுற்றுலா விழா. தொலைபேசிக் கம்பனியின் பணிப்பாளர் அங்கே மேடையில் இருந்தார். விழா நேரலையாக உலகமெங்கும் போய்க்கொண்டிருந்தது. "நாலு மணி வரைக்கும் எதுலயும் கைய வைக்காதே" என்று கொழும்பிலிருந்து அவனுடைய மேலதிகாரி ரிஷி காலையிலேயே சொல்லியிருந்தான். அவனை ஏற்றிவந்த வேனும் விழாவுக்குப் போய்விட்டது.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு நிமலன் தலையைத் தூக்கினான்.

பள்ளத்துக்கு அப்பால், ஏழாம் நம்பர் மலையில், கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒரே நிரையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று நிரை உடைந்தது. ஒருத்தி கூடையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். இன்னொருத்தி இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்துத் தலையை மூடிக்கொண்டு தேயிலைக்குள் குப்புற விழுந்தாள். இத்தனை தூரத்துக்குச் சத்தம் எதுவும் வரவில்லை. ஆனால் தோட்டத்தில் பிறந்த எவனுக்கும் அந்தக் காட்சிக்கு விளக்கம் தேவையில்லை.

குளவி.

அவன் கண்கள் ஒரு பச்சை மழைச்சட்டையைத் தேடின. கம்பனியின் பெயர் போட்ட சட்டை அது. போன வருடம் அவன்தான் அக்காவுக்குக் கொடுத்தான். தேடிப் பிடித்தான். அந்தப் பச்சை, சரிவில் பத்து அடி உருண்டு, எழுந்து, இரண்டு கையாலும் முகத்தை அறைந்துகொண்டு, மறுபடியும் விழுந்தது.

சந்திரகாந்தியைப் போன மாசியிலும் குளவி கொட்டியது. கொட்டியது என்னவோ மூன்றே இடத்தில். ஆனால் பதுளைக்குக் கொண்டுபோவதற்குள் உதடு வீங்கி, தொண்டை அடைத்து, உடம்பெல்லாம் தடித்துப் போயிற்று. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் நிமலனைத் தனியே அழைத்துச் சொன்னார்: "அடுத்த தடவை கொட்டினா அரை மணித்தியாலத்துக்குள்ள ஊசி போடணும். இல்லாட்டி நான் பொறுப்பில்ல." அப்பா இறந்தபோது பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அக்கா, புத்தகத்தை வைத்துவிட்டுக் கூடையை எடுத்தாள். நிமலன் படித்தது அந்தக் கூடையில்தான்.

பன்னிரண்டு இருபத்திரண்டு. அதுதான் எல்லை. மனம் தானாகவே கூட்டிச் சொல்லிவிட்டது.

பிரதேச வைத்தியசாலை லொறியில் பத்து நிமிடம். தோட்டமே அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் லொறிச் சாரதி ஜௌபர் இந்த நேரத்துக்குக் கொழுந்தோடு எங்காவது வளைவில் நிற்பார். கைபேசியை எடுத்து அவரை அழைத்தான். எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன என்று ஒரு பெண் குரல் சிங்களத்தில் சொன்னது, தமிழில் சொன்னது, ஆங்கிலத்திலும் சொன்னது. மறுபடியும் அழைத்தான். மறுபடியும் மூன்று மொழியிலும் மறுக்கப்பட்டான். டவரின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் அவனுக்கே இணைப்பு இல்லை! குறுஞ்செய்தி எழுதினான். அது போகாமல் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தது. இறங்கி ஓடினால் ரோட்டுக்கு அரை மணி நேரம்.

மடிக்கணினியைத் திருப்பினான். திரை, தன் பாட்டில், அமைதியாக, இப்படிச் சொன்னது:

தோட்டப் பக்கம். தடங்கள்: 2. அழைப்பு முயற்சிகள்: 143. பேச்சு வினாடிகள்: 0. தேவை: இல்லை.

அவன் அந்தக் கடைசிச் சொற்களையே பார்த்துக்கொண்டிருந்தான். மலையில் பெண்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், தேவை இல்லை. நூற்று நாற்பத்து மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள், தேவை இல்லை.

ஏன் என்று அவனுக்குத் தெரியும். கீழ்ப்பிரிவில் யாரும் போனில் பேசுவதில்லை. மணி மட்டும் அடிப்பார்கள். கைபேசி வந்த காலத்தில், ஐம்பது ரூபாய்க்கு ரீலோட் போட்டு ஒரு மாதம் ஓட்டிய நாட்களில் பிறந்த வழக்கம் அது. வசதி கொஞ்சம் வந்த பிறகும் போகவில்லை. ஒரு மணி அடித்துக் கட் பண்ணினால் கொழுந்து தராசில் நிறுத்தாகிவிட்டது, லொறி வரலாம். இரண்டு மணி என்றால் பிள்ளை மடுவத்தில் பிள்ளை அழுகிறது. மூன்று என்றால் வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது. மணி வந்தால் எடுக்கக்கூடாது. எடுத்தால் அடித்தவரின் காசு போகும். அது மரியாதைக் கேடு. 'பார்த்துவிட்டேன்' என்று சொல்ல விரும்புகிறவர் அழைப்பைத் தானே கட் பண்ணிவிடுவார். ஒரு தோட்டமே இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு குறி வைத்திருந்தார்கள். குளவிக்கு மட்டும் ஒரு குறி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது நாற்பது போன்கள் ஒரே நேரத்தில் மணி அடிக்கின்றன. ஒவ்வொரு மணியும் தடத்தை நாலைந்து வினாடி பிடிக்கிறது. பேச்சு இல்லாமலே விடுகிறது. இரண்டு தடமும் அடைபட்டுக் கிடக்கின்றன. இயந்திரத்தின் காதிலோ ஒரு சொல்லும் விழவில்லை.

இந்தச் செவிட்டுத்தனத்தை இயந்திரத்துக்குக் கற்பித்தவன் யார்? பரீட்சைக்கு முந்திய வாரம் கீழ்ப்பிரிவின் அழைப்புக் கணக்கைத் துப்புரவாக்கும் வேலை நிமலனுக்கு வந்தது. ஆறாயிரத்து நானூறுக்கு மேல் மணி மட்டும் அடித்த அழைப்புகள். கொழும்பில் நடந்த கூட்டத்தில் ஒருவன் சிரித்தான்: "என்ன மச்சான், ஒங்க ஆக்களுக்குப் பேச வாய் இல்லையா?" எல்லாரும் சிரித்தார்கள். நிமலனும் சிரித்தான். 'இணைப்புப் பெறாத அழைப்புகளை நீக்குக' என்று அறிவுறுத்தல் தாளில் ஒரு வரி இருந்தது. அவை என்ன அழைப்புகள் என்று அந்த அறையில் அறிந்திருந்தவன் அவன் ஒருவன்தான். அவன் வெட்கப்பட்டான், நீக்கினான். ஒரே ஒரு பொத்தான். மிஞ்சிய கணக்கைப் படித்து, பேச்சு மட்டுமே தேவை என்று இயந்திரம் கற்றுக்கொண்டது.

மடிக்கணினியிலிருந்து கொழும்புக்குத் தனி இணைப்பு இருந்தது. ரிஷியைக் கூப்பிட்டான்.

"சேர், தோட்டப் பக்கத்துக்கு ஆறு தடம் திருப்பித் தாங்க. குளவி கொட்டிருச்சு சேர். எங்க அக்கா அங்க கெடக்கு."

"ஐயோ. எந்த இடம்? நான் அம்புலன்ஸுக்கு இங்க இருந்து அடிக்கிறேன். லைன்ல இரு." ஒரு நிமிடம் கழித்துக் குரல் திரும்பியது. "அடிச்சிட்டேன். பண்டாரவளையில இருந்து வரணுமாம். எல்ல ரோட்டுல விழாவுக்கு வந்த வாகனம் முட்டிக்கிட்டு நிக்குது. அம்பது நிமிசம் ஆகும்."

"அம்பது நிமிசத்துல அக்கா இருக்காது சேர். லொறிக்காரர் ரெண்டு மைல்லதான் நிக்கிறார். அவருக்கு ஒரு கோல் போகணும். ஒரே ஒரு கோல்."

"நம்பரைச் சொல்லு, நானே அடிக்கிறேன்."

அடித்தான். ரிஷிக்கும் அதே மூன்று மொழி. ஜௌபர் நிற்பதும் அதே இரண்டு தடத்துக்குள்தானே!

"சேர், தடத்தைத் திறங்க."

"நிமலன், நான் சொல்றதக் கேளு. டைரக்டர் மேடையில நின்னு இந்த மெஷினைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கார். கையால மாத்தினா பதினாலு நாள் பரீட்சையும் போச்சு. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். அவர் கீழ எறங்கட்டும்."

"எப்ப எறங்குவார்?"

"எனக்கு எப்படித் தெரியும்? இன்னொண்ணு. என் ஸ்கிரீன்ல அந்தப் பக்கம் தேவையே இல்லைன்னுதானே காட்டுது. நான் எதைக் காட்டி அவர்கிட்ட கேக்குறது?"

ரிஷி கெட்டவன் அல்லன். பதுளை பஜார் வீதியில் தகப்பனின் புடவைக் கடையில் வளர்ந்தவன். தீபாவளிக்கு மணிக்கல் தோட்டத்துச் சனம் அந்தக் கடைக்குத்தான் போகும். கெட்டவனாக இருந்திருந்தால் நிமலன் திட்டிவிட்டாவது ஓய்ந்திருப்பான். நல்லவன் ஒருவன், திரையில் தெரியாததைத் தானாகச் செய்யத் துணியாமல், அனுமதிக்குக் காத்திருக்கிறான். அதைத் திரையில் தெரியாதபடி ஆக்கியவன் இங்கே நிற்கிறான்.

பன்னிரண்டு மணி. இயந்திரம் தன் ஐந்து நிமிடக் கணக்கை முடித்தது. முயற்சிகள்: 388. தேவை: இல்லை.

அப்போதுதான் அவன் பார்வை காலடியில் கிடந்த பெட்டிமேல் விழுந்தது. பரீட்சைக்கென்று கொடுத்த இரண்டு கைபேசிகள். முத்திரை வைத்து மூடியவை; ஒன்று மற்றதை மட்டுமே அழைக்கும்; தடம் கிடைக்கும் வரை, மனிதக் கை அயர்ந்துபோகும் வேகத்தில், விடாமல் அழைத்துக்கொண்டே இருக்கும். எடுத்தால் பேச்சு. வைக்கும் வரை பேச்சு.

பேச்சு வினாடிதானே இயந்திரத்துக்கு வேண்டும்?

அடுத்த கணக்கு பன்னிரண்டு ஐந்துக்கு. அதற்குள் நாலு நிமிடத்துக்கு மேல் இரண்டு தடமும் பேச்சால் நிரம்பியிருந்தால், விதிப்படி, இயந்திரம் தானாகவே தடம் கூட்டும். ஆனால் இரண்டு கைபேசியும் தோட்டப் பக்கத்திலேயே இருக்கின்றன. அழைக்கும் கைபேசிக்கு ஒரு தடம் வேண்டும். எடுக்கும் கைபேசிக்கு ஒரு தடம் வேண்டும். ஆக, கீழ்ப்பிரிவின் இரண்டு தடத்தையும் அவனே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நிமிடங்களில் மலையிலிருந்து ஒரு மணிகூட வெளியே போகாது. நாற்பது பேர் அடித்து அடித்து, அதிர்ஷ்டத்தில் ஒன்றாவது ஜௌபரிடம் போய்ச் சேரலாம் என்று ஒரு நூல் தொங்கிக்கொண்டிருக்கிறதே, அதை அவன் கையாலேயே அறுக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்தாலும் என்ன? மணிதான் சேரும். கொழுந்து நிறுத்தாகிவிட்டது என்று ஜௌபர் நினைத்துக்கொள்வார்.

மலையில் நாலு பெண்கள் ஒரு படங்கை விரித்து, பச்சைச் சட்டையை அதில் தூக்கிக் கிடத்தினார்கள்.

நிமலன் பொத்தானை அழுத்தினான். முப்பது வினாடி போராடி, கைபேசி தடத்தைப் பிடித்தது. மற்றது அதிர்ந்தது. எடுத்தான். இரண்டையும் கல்லின்மேல் முகத்தோடு முகம் வைத்தான். காற்றின் இரைச்சலை ஒன்று மற்றதற்குச் சொல்லத் தொடங்கியது.

கீழ்ப்பிரிவு ஊமையாயிற்று.

நாலரை நிமிடம்! மேடைகளில் மௌன அஞ்சலிக்கு ஒரு நிமிடம் நிற்கிறார்கள். அதற்கே கால் மாற்றுகிறார்கள். நிமலன் நாலரை நிமிடம் நின்றான். படங்கின் நாலு முனையையும் பிடித்துக்கொண்டு பெண்கள் சரிவில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒருத்தி தடுக்கினாள்; படங்கு சாய்ந்தது; நிமிர்ந்தது. முன்னால் ஓடிய சின்னப் பெண் கையில் போனை வைத்துக்கொண்டு நின்று நின்று காதில் வைத்தாள், பார்த்தாள், உதறினாள், மறுபடியும் வைத்தாள். அவள் மதுஷா. பக்கத்து லயத்துப் பெண். அக்காவோடு ஒரே நிரையில் நிற்பவள். அவள் காதில் அந்த நேரம் விழுந்த மறுப்பு ஒவ்வொன்றும் அவன் கொடுத்தது.

மடிக்கணினியில் ரிஷியின் குரல் வெடித்தது. "நிமலன்! பரீட்சை போன் ரெண்டும் ஓடுது. நீயா?"

"நான்தான் சேர்."

"இது பொய்க் கணக்கு. வேலை போயிரும், தெரியுமா?"

"மெஷினுக்கு வெளங்குற பாஷையில பேசுறேன் சேர். வேற பாஷை அதுக்கு நான் சொல்லிக் குடுக்கல."

"என்ன ஒளர்றே?"

"பொறகு சொல்றேன். நீங்க நிறுத்தணும்னா அங்க இருந்து நிறுத்தலாம். ஒங்களுக்கு முடியும்."

கொழும்பில் ஒரு விரல் ஒரு பொத்தானுக்குமேல் எவ்வளவு நேரம் நின்றதோ, நிமலனுக்குத் தெரியாது. "டைரக்டர் எறங்கிட்டாரான்னு பார்த்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு ரிஷி இணைப்பிலிருந்து எழுந்து போனான். பொத்தான் அழுத்தப்படவில்லை.

பன்னிரண்டு ஐந்து.

தோட்டப் பக்கம். தேவை: உண்டு. தடங்கள்: 4.

பரீட்சைக் கைபேசிகளை அவன் தொடவில்லை. அவை பேசிக்கொண்டே இருக்கட்டும். தன் போனை எடுத்து ஜௌபரை அழைத்தான். ஊமையாய்க் கிடந்த நேரத்தில் பலர் சலித்துப் போனை வைத்திருக்க வேண்டும். முதல் முயற்சியிலேயே மணி அடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது அவனுக்கு அழுகை வந்தது.

ஒரு மணி. இரண்டாவது மணி பாதியில் அறுந்தது.

ஜௌபர் கட் பண்ணிவிட்டார். 'பார்த்துவிட்டேன்.'

மறுபடியும் அடித்தான். மறுபடியும் கட். "எடுங்க நானா, எடுங்க" என்று நிமலன் மலை கேட்கக் கத்தினான். மூன்றாவது தடவை மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாலு, ஐந்து, ஆறு.

"யாருப்பா அது? பார்த்துட்டேன்னுதானே கட் பண்றேன். காசு என்ன மரத்துலயா காய்க்குது ஒனக்கு?"

"நானா, வைக்காதீங்க! நான் நிமலன். ஏழாம் நம்பர் மலையில குளவி. அக்காவை ரோட்டுக்குத் தூக்கிட்டு வர்றாங்க. மூச்சு அடைக்கும் நானா, போன தடவை மாதிரி."

கண்ணாடிக் குவளை ஒன்று விழுந்து உடையும் சத்தம். "யா அல்லாஹ். ரெண்டு மூணு தடவை ஒத்த மணி வந்துச்சேடா. கொழுந்து நிறுத்தாச்சுன்னுல்ல நெனச்சேன். ஒரு டீயைக் குடிச்சிட்டுப் போவோம்னு…" லொறியின் கதவு அறைந்தது. "எந்த வளைவு?"

"பெரட்டுக் களத்துக்குக் கீழ."

"ஆறு நிமிசம். கொழுந்தெல்லாம் சிதறினாலும் சரி."

அடுத்து மதுஷா. அவளும் முதலில் கட் பண்ணினாள். அந்தப் பதற்றத்திலும் அந்த மரியாதை! இரண்டாவது தடவை எடுத்தாள்.

"நிமலண்ணே! ஒரு போனும் போகலண்ணே, அடிச்சு அடிச்சுக் கை செத்துப் போச்சு. அக்காவுக்கு ஒதடெல்லாம்…"

"லொறி வருது. ஜௌபர் நானா வர்றாரு. அக்காவுக்கு மூச்சு இருக்கா?"

"இழுக்குதுண்ணே. சாய்ச்சு ஒக்கார வச்சிருக்கோம்."

"மதுஷா, நல்லாக் கேளு. போனை வைக்காத. அக்கா மடியில வச்சுக்க. ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போற வரைக்கும் வைக்காத."

"காசு போயிருமேண்ணே."

"போகட்டும்! வைக்காத!"

அவள் வைக்கவில்லை. அதற்குப் பிறகு நிமலன் பேசவில்லை, கேட்டான். பெண்களின் அழுகை. யாரோ மாரியம்மனைக் கூப்பிடும் குரல். லொறி வந்து நிற்கும் பிரேக். "தலையைப் பிடி, தலையைப் பிடி" என்று ஜௌபர். எல்லாவற்றுக்கும் அடியில், அடைத்த குழாயில் தண்ணீர் ஏறுவதைப்போல, ஒரு மூச்சு. ஏறும், நிற்கும். நிற்கும்போது நிமலனும் நின்றான். மறுபடியும் ஏறும். இயந்திரம் அந்த மூச்சையும் பேச்சு வினாடியாக எண்ணிக்கொண்டது. பன்னிரண்டு பத்துக்குத் தோட்டப் பக்கத்துக்கு ஆறு தடம். பன்னிரண்டு பதினைந்துக்கு எட்டு. எல்லப் பக்கத்தில் நேரலை திக்கித் திக்கிப் பிறகு ஒரேயடியாக உறைந்து நின்றது.

வளைவொன்றில் மூச்சின் இடைவெளி நீண்டது.

"அக்கா! அக்கா! சந்திராக்கா!" என்று மதுஷா அலறினாள்.

நிமலன் டவரின் இரும்பைப் பிடித்துக்கொண்டான். ஒன்று, இரண்டு என்று தன்னையறியாமல் எண்ணினான். எட்டு வரை எண்ணினான். ஒன்பதில் அந்தக் குழாய் கிறீச்சிட்டு ஏறியது.

பன்னிரண்டு இருபத்து நாலுக்கு ஒரு புதிய குரல், கட்டளையிட்டுப் பழகிய குரல், "இதுல வைங்க, போனை எல்லாம் வெளிய எடுத்துட்டுப் போங்க" என்றது. ஏதோ உலோகத் தட்டு உருண்டது. இணைப்பு அறுந்தது.

அரை மணிக்கு மேல் இரண்டு நிமிடம்.

இருபது நிமிடம் யாரும் அழைக்கவில்லை. அவனும் அழைக்கவில்லை. பரீட்சைக் கைபேசி இரண்டும் கல்லின்மேல் காற்றைப் பேசிக்கொண்டே இருந்தன. பன்னிரண்டே முக்கால் நெருங்கும் வேளையில் வேன் திரும்பி வந்தது. அதோடு ஜௌபரின் அழைப்பும் வந்தது. "ஊசி போட்டாச்சுடா தம்பி. ரெண்டு ஊசி. கண்ணு முழிச்சிருச்சு. நீ வா."

வேனில் போகும் வழியில் ரிஷி போனில் பேசினான். குரலில் சூடு இல்லை, களைப்பு இருந்தது. நேரலை நின்றதற்குப் பணிப்பாளர் விளக்கம் கேட்கிறாராம். அக்கா பிழைத்ததில் தனக்குச் சந்தோஷமாம். பரீட்சைக் கைபேசி 'தவறுதலாக' ஓடிவிட்டது என்று ஒரு வரி எழுதி, நான்கு மணிக்கு அறிக்கையில் கையெழுத்திட்டுவிட்டால் விஷயம் முடிந்துவிடுமாம்.

"முடியாது சேர். தவறுதலா ஓடல. தவறு அதுக்கு முந்தி நடந்தது."

நிமலன் மடியில் கணினியை வைத்து எழுதினான். கீழ்ப்பிரிவின் தேவை இரண்டு தடம் என்ற கணக்கு பிழை. மணி மட்டும் அடித்த ஆறாயிரத்து நானூறுக்கு மேற்பட்ட அழைப்புகளும் தேவைதான். அவற்றை நீக்கியவன் நான். அவை என்னவென்று தெரிந்தே நீக்கினேன். இந்த முறையை இந்தக் கணக்கோடு வேறு எந்த டவருக்கும் கொண்டுபோகக் கூடாது. கீழே தன் முழுப்பெயரையும் ஊழியர் எண்ணையும் எழுதி அனுப்பினான்.

"நீ ஒன் கழுத்துல நீயே கயிறப் போட்டுக்கிட்டே" என்றான் ரிஷி. சற்றுப் பொறுத்து, "நான் இதைத் திருத்தாமத்தான் மேல அனுப்புறேன்" என்றும் சொன்னான்.

வாட்டில் சந்திரகாந்தி தலையணையில் சாய்ந்திருந்தாள். முகம் முகமாக இல்லை. கண்கள் இரண்டு கீறல். உதடு தடித்துப் புரண்டிருந்தது. கையில் சேலைன் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்ததும், அவள் வீங்கிய விரல்களால் அவன் முழங்கையைத் தொட்டாள்.

"பயந்துட்டியாடா?"

அவன் தலையாட்டினான்.

"மதுஷா சொல்லுச்சு." ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் இடம் விட்டாள். "நடுவுல அஞ்சு நிமிசம் ஒரு போனும் போகலையாமே. முந்தியாச்சும் மணி அடிச்சுச்சாம். அப்ப செத்தே போச்சாம். நீ மேல டவருலதானே இருந்தே? என்னடா ஆச்சு?"

மின்விசிறி சுற்றியது. பக்கத்துக் கட்டில்காரி போர்வையை இழுத்துக்கொண்டாள். தவறுதலாக என்று சொல்லலாம். அக்கா நம்புவாள், அவன் சொல்லி அவள் நம்பாதது எதுவும் இதுவரை இல்லை.

"நான்தான்கா அடைச்சேன்."

அந்தக் கீறல் கண்கள் அவன்மேலேயே நின்றன. அடைத்தால்தான் தடம் கூடும் என்று இருந்ததையும், அப்படி ஓர் இக்கட்டு வரக் காரணம் தான் முன்பு அழித்த கணக்கு என்பதையும் அவன் சொன்னான். எதையும் விடவில்லை.

"எங்க மணிய எல்லாம் அழிச்சியா?"

"ஆமாக்கா."

"வெக்கத்துலயா?"

"ஆமாக்கா."

அவள் கையை அவன் முழங்கையிலிருந்து எடுத்து நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாள். "எங்கிட்ட சொன்னாப் பத்தாது. நான் ஒன்னைய மன்னிச்சிருவேன், அது ஒனக்கே தெரியும். வெளிய இருக்குதுங்க பாரு, அதுங்ககிட்டச் சொல்லு. மதுஷா அந்த டவருகாரனை வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டிக்கிட்டு இருக்கு."

வெளியே விறாந்தையில் ஏழு பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கழுத்திலும் கையிலும் வெள்ளை மருந்து பூசியிருந்தது. ஒருத்திக்குக் காது இரட்டிப்பாக வீங்கியிருந்தது. ஜௌபர் தூணில் சாய்ந்து நின்றார். மதுஷா நடுவில் உட்கார்ந்து, "ஒரு மனுசன் சாகுற நேரத்துல லைனை நிப்பாட்டுறானுங்கன்னா, அவனுங்க வீட்டுல எழவு விழ!" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நிமலனைக் கண்டதும் நிறுத்தி, நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"ஒக்காருங்கண்ணே. நீங்க மட்டும் கூப்பிடாட்டி இன்னைக்கு என்ன ஆயிருக்கும்!"

அவன் உட்காரவில்லை. எல்லா முகங்களும் அவனை நோக்கி உயர்ந்தன. வீங்கிய முகங்கள், நன்றியோடு பார்க்கும் முகங்கள். ஓடிவிட வேண்டும்போல இருந்தது. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான்.

"மதுஷா, நீ திட்டுனது என்னையத்தான்" என்றான்.

யாரோ சிரித்தார்கள், அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார்கள். ஜௌபர் தூணை விட்டு நிமிர்ந்தார். நிமலன், கொழும்பில் அந்தக் கூட்டத்தில் எல்லாரும் சிரித்த நாளிலிருந்து தொடங்கி, சொல்ல ஆரம்பித்தான்.